சிமெண்டுக்கு அம்மா கிடையாது

அத்தியாயம் ஏழு

போன வாரம் கோழியில் நிறுத்தியிருந்தோம்.

ஊமைப்படம். திரையில் ஒரு சிப்பாய், போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதுகிறான். 'அம்மா, இனிமேல் எனக்காகக் காத்திருக்காதே' என்று ரஷ்ய எழுத்து வருகிறது. திரைக்குப் பக்கத்தில் மரப்பெட்டி மேல் நின்ற மஹ்கம், தகரக் குழலை வாயில் வைத்து, கொட்டகைக்கே கேட்கும்படி உஸ்பெக்கில் சொன்னார்: "அம்மா, கோழியை அடிச்சு வை, வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

சனம் கைதட்டியது. மேலே ஆபரேட்டர் அறையில் இருந்த அவர் மகள் ஒய்தின் மட்டும் கைதட்டவில்லை. ஆறு மாதம் தாஷ்கென்டில் பேசும்பட இயந்திரமும், கூடவே ரஷ்ய மொழியும் படித்துவிட்டு முந்தாநாள்தான் ஊர் திரும்பியவள். திரையைப் படித்தாள். அப்பாவைக் கேட்டாள். புரொஜெக்டரின் சூடான மூடியில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டாள்.

கை ஆறிவிட்டது. மனசு ஆறவில்லை.

மஹ்கமுக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஒன்பது வருஷமாக மார்கிலான் பட்டுத் தொழிலாளர் மன்றத்தில் ரஷ்யப் படங்களுக்கு அவர்தான் விளக்கம். மன்றம் திறந்த அன்று, "ரஷ்யன் படிக்கத் தெரிஞ்சவன் யாரு?" என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மஹ்கம் மட்டும் கூரையில் ஒரு புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்திருந்ததால் அவரைப் பிடித்துப் பெட்டி மேல் ஏற்றிவிட்டார்கள். ஊரில் ரஷ்ய மொழி நன்றாகத் தெரிந்தவர் ஆஸ்பத்திரி டாக்டர். அவருக்கு உஸ்பெக் தெரியாது. இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த நாலைந்து பேர் திரையில் வேறு ஏதோ எழுதியிருப்பதாகச் சந்தேகப்பட்டு, தங்கள் ரஷ்யன்தான் சரியில்லை என்று மாலைப் பள்ளியில் மறுபடி போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது அந்தக் கொட்டகையில் படமே வாய் திறந்து பேசப் போகிறது. இன்றைக்குச் சாயங்காலம்.

*

காலையில் ஒய்தினும் அவள் அம்மா ரோஹத்தும் வாய்க்காலில் திரையைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். திரை வெளுப்பாக இருக்கவேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை அதில் சுண்ணாம்பும் பசையும் பூசி வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கி திரைக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். இந்தப் பூச்சை வைத்துக்கொண்டு பின்னால் பீரங்கி வெடித்தாலும் முன்னால் கேட்காது. பூச்சு கரைந்து வெள்ளைவெளேரென்று தண்ணீரோடு போனது. கீழ்த்தெருவில் சாம்பல் நிற வாத்து வளர்த்தவர்கள் அன்று முழுக்கத் தங்கள் வாத்துகளைத் தேடினார்கள்.

ஒய்தின் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்த முனையை விட்டு அந்த முனைக்குப் போனாள். கசக்கிய இடத்தையே கசக்கினாள்.

"அம்மா. அப்பா ரஷ்யன் எங்க கத்துக்கிட்டார்?"

"அந்த ஓரத்தைப் புழி."

"அம்மா."

"கத்துக்கலை" என்றாள் ரோஹத்.

ஒய்தின் துணியை விட்டுவிட்டாள். அது கொஞ்ச தூரம் மிதந்தது. ரோஹத் காலால் மிதித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தூக்கத்துல உளர்ற மனுஷன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன், ஒரு தடவை கூட ரஷ்யன்ல உளறினதில்லை. பாஷை தெரிஞ்சவன் அசந்த நேரத்துலயாவது ஒண்ணு ரெண்டு சிந்த மாட்டானா?"

"இத்தனை வருஷம் சும்மா இருந்தியே."

"நான் படம் பாக்கப் போனேன். பரீட்சை வைக்கவா போனேன்?" ரோஹத் திரையின் ஓரத்தை முறுக்கினாள். "எனக்கு அந்தக் கோழி பிடிச்சிருந்தது."

"அந்தப் பையன் செத்துட்டான்மா. போர்ல."

ரோஹத்தின் கை ஒரு நிமிஷம் நின்றது. "அப்படியா" என்றாள். பிறகு, "நல்லவேளை எனக்குத் தெரியாது" என்று மறுபடி முறுக்கினாள்.

அப்போதுதான் மன்ற மேலாளர் சமத் சைக்கிளில் வந்தான். பிரேக் கிடையாது என்பதால் மல்பெரி மரத்தைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணி, விஷயம் தெரியுமா? தாஷ்கென்ட்லேர்ந்து ஆள் வர்றார். கில்மானோவ்னு பேரு, தாத்தார் இனம், நம்ம மார்க்கம்தான். இனிமே எல்லா ஊர்லயும் படம் ரஷ்யன்ல பேசுமாம். நம்ம சனத்துக்குப் பக்கத்துல நின்னு யாராவது சொல்லணுமில்ல? மஹ்கம் அண்ணன் பேரு அங்க வரைக்கும் போயிருக்கு. அவரை மாதிரி ஆளுங்களைப் நம்ம பள்ளத்தாக்குல எல்லா ஊர்லயும் போடலாமான்னு பாக்க வர்றார்."

"நல்லதுதானே" என்றாள் ரோஹத், திரையைப் பார்த்தபடி.

"அவருக்கு ரஷ்யனும் தெரியும், நம்ம பேச்சும் தெரியும். அண்ணன் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து, ஒரு காதுல அதை, ஒரு காதுல இதை வாங்கி ஒத்துப் பாப்பாராம்." சமதுக்குப் பெருமை தாங்கவில்லை. "அசந்துடுவார் பாருங்க."

அவன் மரத்தை விட்டதும் சைக்கிள் தானாகப் போய்விட்டது.

அம்மாவும் மகளும் திரையை இரண்டாக மடித்துப் பிழிந்தார்கள். அரசாங்கப் படத்தில் இல்லாததை ஒன்பது வருஷமாகத் தொழிலாளிகளுக்குச் சொல்லிவந்தவன் என்று தாஷ்கென்டுக்கு ஒரு தாள் போனால் போதும். அப்புறம் ஆள் எங்கே என்று வீட்டுக்காரர்கள்கூடச் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். 1937-ம் வருஷம் அப்படி.

"உங்கப்பாகிட்ட பேசு" என்றாள் ரோஹத் கடைசியில்.

"என்னன்னு பேசறது? அப்பா, உங்களுக்கு ரஷ்யன் தெரியாதுன்னா?"

"அப்படிப் பேசாதே. வேற மாதிரி பேசு."

*

வேறு மாதிரி பேசுவது எப்படி என்று ஒய்தினுக்குத் தெரியவில்லை. மத்தியானம் படத்தை முழுக்க ஒரு தடவை ஓட்டி, அறையிலிருந்த சின்ன ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு கீழே இறங்கினாள்.

மஹ்கம் காலி பெஞ்சுகளுக்கு நடுவே நின்று குழலில் இருமிப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் ஒரு துணிக்குள் கீரைச் சம்சா.

"வா, உக்காரு. சூடா இருக்கு."

"அப்பா, இந்தப் படத்தை நான் பாத்துட்டேன். கதையைச் சொல்லட்டுமா?"

"எனக்கா?" அவர் சம்சாவைப் பிட்டு ஊதினார். "படம் ஓடினா எனக்கே தெரிஞ்சுட்டுப் போகுது."

"இதுல எழுத்து வராதுப்பா. பேசிட்டே போவாங்க. வேகமாப் பேசுவாங்க."

"நானும் வேகமாப் பேசுவேன்."

"இல்ல, இயந்திரச் சத்தம் ஜாஸ்தி. உங்க காதுல சரியா விழலைன்னா..."

மகள் அப்பாவிடம் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அடி வைத்தால் மார்கிலானில் அது வேறு ஊர். அவர் அவளைப் பார்த்தார். அவள் சம்சாவைப் பார்த்தாள். சம்சா யாரையும் பார்க்கவில்லை.

"சொல்லு" என்றார்.

"ஒரு ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டறாங்க. ஒரு இஞ்சினியர். கிடங்குல இருந்த சிமெண்ட் மூட்டையெல்லாம் காணாமப் போகுது. யாரு எடுத்தான்னு தெரியலை. ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படறாங்க. வெள்ளம் வேற வருது."

"அம்மா?"

"என்ன?"

"இஞ்சினியரோட அம்மா எங்க இருக்கா?"

"அம்மா கிடையாதுப்பா. இது சிமெண்டைப் பத்தின கதை."

"செத்துட்டாளா?"

"படத்துலயே இல்ல."

மஹ்கம் சம்சாவைத் துணியில் வைத்துவிட்டார். "ஒருத்தன் பாலம் கட்டறான். அந்தக் கரையில அவனுக்கு யாரும் இல்லையா? அப்புறம் எதுக்கு மெனக்கெடறான்?"

"ரயில் போகணும்ல."

"ரயில்." அவர் முதல் வரிசைப் பெஞ்சைக் காட்டினார். "இங்க வந்து உக்கார்றது யாரு? கும்ரியும் அவ கூட்டமும். நாள் பூரா கொதிக்கற தண்ணியில கையை விட்டுப் பட்டுக்கூட்டுலேர்ந்து நூல் எடுத்துட்டு வர்றாளுங்க. விரல் அவிஞ்சிருக்கும். அவங்களைப் பாத்து, சிமெண்டைக் காணோம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"இன்னிக்கு ஒரு நாள்ப்பா. நான் சொன்னதை மட்டும் சொல்லுங்க. வர்றவர் ரெண்டு பாஷையும் தெரிஞ்சவர்."

கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, "பாப்போம்" என்றார்.

மார்கிலானில் 'பார்ப்போம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவள் விசாரித்தவரை தாஷ்கென்டிலும் அப்படித்தான்.

*

கில்மானோவ் குள்ளமான மனிதர். காலணிக்கு மேல் ரப்பர் உறை போட்டிருந்தார். கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டார். அதைச் சமத் மூன்று பேரிடம் கவலையோடு சொன்னான். நாற்காலியைப் பெட்டிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மஹ்கமின் அங்கி நுனி அவர் முழங்காலில் பட்டது.

கொட்டகை நிறைந்திருந்தது. ஜன்னலிலும் ஆள். முதல் வரிசையில் கும்ரி, அவளைச் சுற்றிப் பட்டு ஆலைப் பெண்கள்.

மேலே ஒய்தின் இயந்திரத்தில் படச்சுருளைக் கோத்தாள். கோத்ததை அவிழ்த்தாள். மறுபடி கோத்தாள்.

பேசும் படத்தின் பேச்சு ஒரு மெல்லிய கோட்டில் இருக்கிறது. படத்துக்கும் ஓரத்துத் துளைகளுக்கும் நடுவே அந்தக் கோடு ஓடும். ஒரு குட்டி விளக்கின் வெளிச்சம் ஊசி மாதிரி அதன் மேல் விழும். கோட்டின் நெளிவுக்கு வெளிச்சம் நடுங்கும். அந்த நடுக்கம்தான் திரைக்குப் பின்னால் போய்க் குரலாகிறது. சுருள் ஒரு நூலளவு பக்கவாட்டில் நகர்ந்தால் கதை முடிந்தது. வெளிச்சம் கோட்டை விட்டுத் துளைகளில் விழும். அப்போது மனுஷன் பேச மாட்டான், வண்டுதான் பேசும். நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு திருகு இருக்கிறது. சரியாக வைத்துவிட்டால் தொடவே தொடாதே என்று தாஷ்கென்டில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. ரயில் கூவியது.

கூரையில் ஒன்பது வருஷமாகக் குடும்பம் நடத்திய புறாக்கள் அன்றைக்குக் கிளம்பியவைதான், பிறகு கொக்கந்த் நகரத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். பின் வரிசையில் ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார். அந்திஜானுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அப்புறம் சொல்லி அனுப்பினார். மற்றவர்கள் மெல்ல மெல்லத் தலையை நிமிர்த்தினார்கள்.

திரையில் இஞ்சினியர் பேசினார். நிஜமாகவே வாயிலிருந்து குரல் வந்தது. ஒய்தின் சிறு ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். அவள் மாட்டிய கம்பி, அவள் துடைத்த விளக்கு.

"கிடங்குல சிமெண்டைக் காணோம்" என்றார் மஹ்கம் குழலில்.

கில்மானோவ் தலையாட்டினார். ஒய்தின் மூச்சு விட்டாள்.

"யாரு எடுத்தான்னு தெரியலை" என்றார் மஹ்கம். கும்ரி இருமினாள். "எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படறாங்க." முதல் வரிசையில் சூரியகாந்தி விதை கடிக்கிற சத்தம் ஆரம்பித்தது. "இன்னும் காணோம்" என்றார் மஹ்கம், குரல் இறங்கி.

யாரோ கொட்டாவி விட்டார்கள். பேசும் படத்தில் கொட்டாவி.

அங்கேதான் மஹ்கமால் பொறுக்க முடியவில்லை. திரையில் ஒரு காவல்காரன் ஓடிவந்து கிடங்குச் சாவியைப் பற்றி இஞ்சினியரிடம் ஏதோ சொன்னான்.

"தந்தி வந்திருக்கு" என்றார் மஹ்கம். "அக்கரையில உங்க அம்மா படுத்த படுக்கையா இருக்கா, உங்க பேரையே சொல்லிட்டிருக்காளாம்."

விதை கடிக்கிற சத்தம் நின்றது.

கில்மானோவ் நாற்காலியில் மெதுவாகத் திரும்பி மஹ்கமை அண்ணாந்து பார்த்தார். சட்டைப்பையில் கையை விட்டு ஒரு பென்சிலை எடுத்தார்.

மேலே, சிறு ஜன்னல் வழியாக ஒய்தின் அந்தப் பென்சிலைப் பார்த்தாள். அவள் கை தானாகப் போய் அந்தத் திருகைத் திருகியது.

உர்ர்ர் என்று ஆயிரம் வண்டுகள். இஞ்சினியர் வாயசைத்தார், வண்டு பேசியது. கில்மானோவ் பென்சிலை நிறுத்தி, காதைத் தேய்த்துக்கொண்டார்.

மஹ்கமுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை, புரியவும் தேவையில்லை. பழைய நாள் திரும்பிவிட்டது அவருக்கு. அந்த உறுமலுக்கு மேலே அவர் குரல் எழுந்தது. அக்கரையில் அம்மா. நடுவில் ஆறு. படகுக்காரன் மறுக்கிறான். வெள்ளம். பாலத்தை முடித்தால்தான் மகன் போய்ச் சேர முடியும். அதையும் எவனோ சிமெண்டைத் திருடி நிறுத்தப் பார்க்கிறான். கும்ரி தலைத்துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். சிமெண்ட் திருடனை ஒரு கிழவர் எழுந்து நின்று சபித்தார். அந்த அம்மா பிழைப்பாளா என்று ஒய்தினுக்கே கவலையாக இருந்தது.

படிக்கட்டில் தடதடவென்று சமத்.

"என்னம்மா பண்ணி வெச்சே? மனுஷக் குரல் எங்க?"

"சுருள் நகர்ந்துடுச்சு அண்ணே. பாக்கறேன்."

"பாக்கறியா? அவர் என்ன சொல்றார் தெரியுமா? பொண்ணு கையில இயந்திரத்தைக் குடுத்தது யாருன்னு கேக்கறார். நாளைக்கே வேற ஆள் வருவான். இந்தப் பெட்டியை நீ இனி ஜன்னல் வழியாத்தான் பாக்கணும்." அவன் நெற்றியைத் துடைத்தபடி கீழே ஓடினான்.

அவன் போன வழியில் ரோஹத் ஏறி வந்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள். மகளின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நீதானா?"

"ஆமா."

ரோஹத் ஒரு ரீல் டப்பா மேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"குரலைத் திறந்தா அப்பா போயிடுவார்மா."

"மூடினா நீ போற."

"நான் போனா வேற வேலை பாத்துக்கலாம். அவர் போனா?"

"உங்கப்பாவுக்கு நாக்கு இருக்கு. எங்கேயும் பொழைச்சுக்குவார். உனக்கு இருக்கறது இந்தப் பெட்டி ஒண்ணுதான். ஊர்ல மனுஷன் பொய் சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்கடி. மெஷின் பொய் சொன்னா அடுத்த நாள் எவனும் வர மாட்டான்." அவள் ஜன்னல் வழியாகக் கணவனைப் பார்த்தாள். "நல்லாத்தான் சொல்றார்" என்றாள். பிறகு, "திறந்துடு."

ஒய்தின் திருகைப் பழையபடி திருகினாள்.

வண்டுகள் போயின. தெளிவாக, கூரை அதிர, திரையில் ஒரு மேஸ்திரி கத்தினான்: "கொனேத்ஸ்! கொனேத்ஸ்!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மஹ்கமுக்கு ரஷ்ய மொழியில் ஒரே ஒரு சொல் தெரியும். எல்லாப் படமும் அதில்தான் முடியும். கடைசியாக அந்த எழுத்து வந்ததும், திரையோரம் உட்கார்ந்து ஊமைப்படத்துக்கு வாசிக்கும் வாத்தியக்காரர்கள் "கொனேத்ஸ்" என்று வாத்தியப் பெட்டியை மூடுவார்கள். முடிவு. அதற்கு மஹ்கம் வைத்திருந்த உஸ்பெக் மொழிபெயர்ப்பு "ஆமீன், எல்லாரும் நல்லா இருக்கட்டும்" என்பது. சனமும் இரண்டு கையை ஏந்தி, முகத்தைத் தடவிக்கொண்டு, எழுந்து வீட்டுக்குப் போகும். விருந்து முடிந்தால் எப்படியோ, படம் முடிந்தாலும் அப்படி.

ஆனால் வடக்கயிற்றின் நுனிக்கும் ரஷ்யர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி சொன்னது, கயிற்று நுனியைப் பிடி என்று.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மஹ்கமுக்கு ஒரு வசனம் புரிந்தது. முகம் மலர்ந்தது. குழலை உயர்த்தினார்.

"ஆமீன். எல்லாரும் நல்லா இருக்கட்டும்."

கொட்டகை மொத்தமும் கையை ஏந்தி முகத்தைத் தடவியது. பழக்க தோஷம், கில்மானோவின் கையும் பாதி உயர்ந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். கும்ரி அழுதுகொண்டே காலணியைத் தேடினாள். திரையில் வெள்ளம் புரண்டது, மேஸ்திரி இன்னும் கத்தினான்.

"முடிஞ்ச பிறகும் பேசறானே" என்றார் ஒருவர் கதவருகே. "பேசும் படம்னா அப்படித்தான்" என்றார் இன்னொருவர்.

கில்மானோவ் எழுந்து கையைக் காட்டினார். ஒய்தின் இயந்திரத்தை நிறுத்தினாள். விளக்கு வந்தது. அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

அவர் மஹ்கமைப் பார்த்து ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான்.

மஹ்கம் தொண்டையைச் செருமி, குழலைச் சனத்தின் பக்கம் திருப்பினார். "கதவுகிட்ட யாரும் முண்ட வேண்டாம், பொம்பளைங்க முதல்ல போகட்டும்னு சொல்றார்."

ஆண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

கில்மானோவ் மேலே ஜன்னலைப் பார்த்தார். இந்தத் தடவை உஸ்பெக்கில் பேசினார். "ஏம்மா, மேல இருக்கறவளே. உனக்கு ரஷ்யன் தெரியுமில்ல? நான் இப்ப இவர்கிட்ட என்ன கேட்டேன்?"

ஒய்தின் அம்மாவைப் பார்த்தாள். ரோஹத் ரீல் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கீழே அப்பா, குழலை மார்போடு பிடித்து, அவளைப் பார்த்தபடி நின்றார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"எத்தனை வருஷமா இந்த வேலை செய்யறீங்கன்னு கேட்டீங்க" என்றாள்.

கொட்டகையில் ஒரு அசைவு, கோதுமை வயலில் காற்று போவது மாதிரி.

"அதைக் கேட்டிருந்தா நேராவே சொல்லியிருப்பேனே" என்றார் மஹ்கம். "ஒன்பது வருஷம்."

யாரும் சிரிக்கவில்லை. கில்மானோவ் பென்சிலைப் பைக்குள் போட்டார். "இறங்கி வா. மீதியை நீ சொல்லு."

*

சனம் மறுபடி பெஞ்சுகளில் உட்கார்ந்தது. இயந்திரத்தைச் சமதிடம் விட்டுவிட்டு ஒய்தின் இறங்கினாள். மஹ்கம் பெட்டியை விட்டு இறங்கியிருந்தார். குழலின் வாய்ப்பக்கத்தை அங்கிக் கையால் நன்றாகத் துடைத்து அவளிடம் கொடுத்தார். முதல் வரிசையில் கும்ரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. மகள் சொன்னாள். திரையில் என்ன சொன்னார்களோ அதை, அப்படியே.

"கணக்கெழுதறவன் சொல்றான், மூட்டைங்க கிழக்குக் கிடங்குல இருந்துதுன்னு."

"அம்மா எப்படி இருக்கா?" என்றாள் கும்ரி.

"எந்த அம்மா?"

"அக்கரையில படுத்திருக்காளே."

"அப்படி யாரும் இல்ல அக்கா."

"ஐயோ, போயிட்டாளா?"

"போகலை. அம்மாவே கிடையாது."

"அதைத்தான் கேக்கறேன், எப்போ போனா? நாங்க எழுந்து நின்னப்பவா?"

"இந்தப் படத்துல அம்மாவே இல்ல. இது சிமெண்டைப் பத்தின படம்."

கும்ரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த மஹ்கமைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாஷ்கென்டுக்குப் போனா பெத்தவங்க ஞாபகமே போயிடும் போல" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் எழுந்தால் அவள் கூட்டம் எழும். அவர்கள் எழுந்தால் அவர்களைக் கூட்டிப்போக வந்த ஆண்கள் எழுவார்கள். ஜன்னலில் இருந்தவர்கள் இறங்கினார்கள். ஒய்தின் நிறுத்தவில்லை. தொண்டை கரகரத்தது. சாவி, கிடங்கு, மூட்டை, விசாரணை. ஒரு சொல்லையும் விடவில்லை, ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை.

ரீல் தீர்ந்து விளக்கு வந்தபோது பெஞ்சுகளில் விதைத் தோல்தான் இருந்தது.

கில்மானோவ் எழுந்து அவளிடம் வந்தார். "ஒரு வார்த்தை பிசகலை. இயந்திரமும் சுத்தமா இருக்கு." திரும்பிக் காலி கொட்டகையைப் பார்த்தார். முன் பெஞ்சில் தனியாக இருந்த மஹ்கமைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று முகத்தில் தெரியவில்லை. கண்ணோரம் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்ததாக ரோஹத் பிறகு சொன்னாள். அது உறுமலின்போது நடந்ததா, அப்புறமா என்று அவளுக்கு நினைவில்லை.

"நாளைக்குக் காலையில அப்பாவும் பொண்ணும் மன்றத்து ஆபீசுக்கு வாங்க" என்றார். "என்கிட்ட ஒரு இடம்தான் இருக்கு."

எந்த இடம் என்று சொல்லவில்லை. ஊர் ஊராகச் சனத்துக்குப் படம் சொல்கிற இடமா, விசாரணைக்குத் தாஷ்கென்டுக்கு அவரோடு போகிற வண்டியில் ஒரு இடமா. அவர் ரப்பர் உறை சரசரக்க வெளியே போனார்.

ஒய்தின் குழலைப் பெட்டி மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அப்பாவைப் பார்க்க முடியவில்லை. "அப்பா" என்று ஆரம்பித்தாள்.

மேலே ஜன்னலில் சமதின் தலை வந்தது. "கடைசி ரீல் ஒண்ணு இருக்கு. போடவா, வேண்டாமா? கொட்டகையில ஒரு ஈ காக்கா இல்லையே."

மஹ்கம் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி போட்டுக்கொண்டார். பெஞ்சில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, மகளைப் பார்த்தார்.

"அந்தக் காவல்காரன்தானே எடுத்திருப்பான்?" என்றார். "வேண்டாம், இப்பச் சொல்லாதே." பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"போடுடா. நான் இருக்கேன்ல."